கையெழுத்துக்கு முன் எலுமிச்சை

"மூணு வருசம் ஓட்டித் திருப்பித் தரசொல்லோ பேட்டரி தேஞ்சிருந்தா, நான் இன்னாத்துக்கு துட்டு கட்டணும்? வண்டி உங்களுது, எனக்கு லீசுதானே?" "எல்லாருக்கும் அதே அக்ரிமெண்ட்தான்க்கா. மொதல்ல போட்டோ எடுத்துக்கலாம்," என்று அட்டையில் செய்த பெரிய சாவியை நீட்டுகிறான் ஷோரூம் ராபின். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் துர்காதேவி அதைத் தொடவில்லை. கண்ணாடிச் சுவர் வழியே விழும் வெயிலில் மின்சாரக் கார் வெள்ளையாக மின்னுகிறது. அவள் கையெழுத்துப் போடுவதற்குள் நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார்கள். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் காது சுடுகிறது. குனிந்து, ஒவ்வொன்றாக எடுத்துவந்து அவன் மேசைமேல் வைக்கிறாள். ஒன்று உருண்டுபோய் அவன் பேனாவில் முட்டி நிற்கிறது. "பூசையெல்லாம் அப்பால வெச்சுக்கலாம். அக்ரிமெண்ட்ல அந்த பேட்டரி வரிய அடிச்சுட்டுக் குடு, ராபின்."