குடியிருந்த வீடு

அம்மாவின் கர்ப்பப்பையை எடுத்து முடித்திருந்தார்கள். எடுத்ததை வீட்டு ஆட்களிடம் காட்டிவிட்டுத்தான் பரிசோதனைக்கு அனுப்புவது அந்த மருத்துவமனையின் வழக்கம். "கையெழுத்துப் போட்ட பொண்ணு யாரும்மா?" என்று நர்ஸ் கேட்டதும் மதுரவல்லி ஆபரேஷன் தியேட்டர் வாசலுக்குப் போனாள். டாக்டரம்மா எவர்சில்வர் தட்டை நீட்டினார். உள்ளே ஒரு மாதுளை அளவுக்கு, ஈரச் சிவப்பாக இருந்தது.

"வெறும் கட்டிங்கதான், பயப்பட ஒண்ணுமில்ல. நல்லா பாத்துக்கோ, நீ பத்து மாசம் குடியிருந்த வீடு."

எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதாக இருக்கும். மதுரவல்லி அதில் ஒருநாளும் இருந்ததில்லை. மூன்று வயதில், ஒரு காப்பகத்திலிருந்து அம்மாவின் இடுப்பில் ஏறி வந்தவள். அதைச் சொல்ல வாயெடுத்தாள்.

"உங்கம்மா மயக்கத்துல ஒரே பேச்சு" என்றார் டாக்டரம்மா. "'மதுரா உள்ள தூங்குறா, கதவ மெல்லத் திறங்க'ன்னு. நாங்களும் சரிங்கம்மான்னு மெல்லத்தான் திறந்தோம்."

பிரசவ வார்டுப் பக்கம் எங்கோ ஒரு தொட்டில் கயிறு கிறீச்சிட்டு நின்றது. மதுரவல்லி செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தட்டுக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே போனாள்.