பனிமலையில் ரகுபதி சொன்னது

"அண்ணி, மனச கல்லாக்கிக்க. ரகு அண்ணன் நம்மள வுட்டுட்டுப் போயிட்டாரு."

சொல்லிவிட்டுக் குணசேகரன் ஒரு கம்பளிக் குல்லாவை மங்கம்மாவின் முன்னால் வைத்தான். ராயபுரத்தை விட்டுக் கிளம்பிய அன்று ரகுபதி தலையில் மாட்டிக்கொண்டு போன அதே சிவப்புக் குல்லா.

மங்கம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்கு முன்பாகப் பக்கத்து வீட்டுச் செல்லம்மாதான் ஓடிவந்து வாயில் அடித்துக்கொண்டாள்.

ரகுபதி கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன். ஆனால் படகில் கால் வைத்தாலே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி வரும். அதனால் நகைப் பட்டறைத் தெருக்களில் சாக்கடை மண்ணை வாரி, தட்டில் போட்டு அலசி, பொடிப்பொடியாகத் தங்கம் எடுத்துப் பிழைத்தான்.

லடாக்கில் ஆற்று மணலிலேயே தங்கம் கிடக்கிறது என்று யாரோ சொன்னதிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சண்டையில், "போறதுன்னா போ! குந்துமணித் தங்கமாச்சும் கொண்டாராம இந்த வூட்டுப் படி ஏறாத!" என்று மங்கம்மா கத்தினாள். அவனும் ரோஷமாகக் கிளம்பிவிட்டான்.

"எப்டி ஆச்சு?" மங்கம்மாவின் குரல் அடங்கியிருந்தது.

குணசேகரன் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், ரகுபதிக்குச் சின்ன வயதிலிருந்தே தோஸ்து. இதை இவளிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தான்.

"அந்தப் பக்கம் லோடு கெடச்சுது அண்ணி. அப்டியே அண்ணன பாத்துட்டு வரலாம்னு மல மேல ஏறுனேன். ஆத்தங்கரைல தனியா குந்திகினு மணல அலசிகினு இருந்தாரு. திடீர்னு பாரு, பேய்க்காத்து! நம்மூரு மார்கழிப் பனி இல்ல அண்ணி. மூட்ட மூட்டயா கொட்டுது. எதுருல கீற ஆளு தெரியல."

"மீனுக்கு ஐஸ் ஒடச்சிக் கொட்டுவாங்களே, அது மாரியா?" செல்லம்மா விசும்பலுக்கு நடுவே கேட்டாள்.

"அது மாரி ஆயிரம் லாரிக்கா!"

செல்லம்மா புலம்பிக்கொண்டே மங்கம்மாவின் நெற்றிக் குங்குமத்தை நோக்கிக் கையை நீட்டினாள். மங்கம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "இரு செல்லம்மா. மொதல்ல முழுசா கேட்டுக்கறேன்."

எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தாள். துக்கம் தலைக்கேறினால் சிலர் இப்படித்தான் வீட்டு வேலையில் இறங்கிவிடுவார்கள் என்று குணசேகரன் கேள்விப்பட்டிருக்கிறான். அவள் நாலு கிளாஸில் டீ ஊற்றினாள். மூன்றை இங்கே வைத்துவிட்டு, ஒன்றை உள்ளறைக்குக் கொண்டுபோனாள். சாமி படத்துக்கு முன்னால் புருஷனுக்குப் படைக்கிறாள் போலிருக்கிறது. குணசேகரன் அப்படித்தான் நினைத்துக்கொண்டான்.

திரும்பி வந்து உட்கார்ந்தவள் முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "நேத்து மாத்தூர் வரிக்கும் ஒரு சோலியா போய்ட்டு வந்தேன். காலு வலி தாங்கல."

மாத்தூர் என்றதும் குணசேகரனுக்கு டீ புரையேறியது. மங்கம்மா அவன் உச்சந்தலையில் தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

"பாத்துக் குடி நைனா. ஆமா, அவ்ளோ பனி கொட்டுச்சுன்னா ஆறு ஒறஞ்சில்ல போயிருக்கும்? மணல எப்டி அலசுனாரு?"

"அது வந்து... நடுவுல மட்டும் கொஞ்சம் தண்ணி ஓடிகினு இருக்கும் அண்ணி."

"நீ எப்டி பொழச்ச?"

"அண்ணன்தான் காப்பாத்துனாரு. தன் கம்பளியக் கயட்டி என் மேல போத்திட்டு, இவரு வெறும் சட்டையோட நின்னாரு. 'நீ புள்ளகுட்டிக்காரன்டா, நீ இருக்கணும்'னாரு."

"தங்கமான மனுசனாச்சே!" என்று செல்லம்மா ஓலமிட்டாள். சொன்ன குணசேகரனுக்கே கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"தங்கம் கெடச்சுதா?" என்றாள் மங்கம்மா.

"ஒரு புடி கெடச்சுது அண்ணி! கைய இறுக்க மூடிகினே போயிட்டாரு. வெரலப் பிரிக்க முடியல. அப்பால பனி மூடிச்சு பாரு, மிலிட்டரிக்காரங்களே வந்து தோண்டிப் பாத்துட்டு ஒடம்பு கெடைக்காதுன்னு கைய விரிச்சிட்டாங்க."

மங்கம்மா குல்லாவை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, அதுவரை இல்லாத ஒரு மெல்லிய குரலில் கேட்டாள்.

"சாவறப்போ என்னியப் பத்தி எதுனா சொன்னாரா?"

குணசேகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொன்னாரு அண்ணி. 'மங்கா வாயிதான் சுடும்டா, மனசு பச்சப்புள்ள. ஏழு ஜென்மம் எடுத்தாலும் எனக்கு அவளே பொண்டாட்டியா வரணும்'னாரு. அதான் கடேசி. அத்தோட மூச்சு நின்னு போச்சு."

செல்லம்மா மூக்கைச் சிந்தினாள். மங்கம்மாவின் கண்ணில் முதல்முறையாக நீர் தளும்பியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நேரே போய் உள்ளறைக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி ரகுபதி உட்கார்ந்திருந்தான்.

"யோவ், இத்தயாச்சும் நீ நெசமா சொன்னியா?"