வாசல் தாண்டாத மாப்பிள்ளை

"ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிர்ல நிக்கிறது உன் வீட்டுக்காரர்தானே?"

ஜன்னலோரம் நின்ற அண்ணன் கேட்டான். அப்பாவின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தவள் வந்து எட்டிப் பார்த்தாள். அவரேதான். ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் டிரைவர் யூனிஃபார்மோடு நின்றிருந்தார்.

"அவ்வளவு தூரம் வந்தவருக்கு மாடி ஏறத் தெரியாதா? இன்னிக்கு அப்பாவை வீட்டுக்கு அனுப்பறாங்கன்னு சொன்னே இல்ல?"

"சொன்னேன்," என்றாள்.

அப்பா கட்டிலில் சாய்ந்தபடி சிரித்தார். "விடுடா. வெந்நீர் மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வாடை ஆகாது."

அது அப்பா வைத்த பெயர். இரும்புக்கடை நடத்தி நாலு பேரை அதட்டிப் பழகியவர். யார் தும்மினாலும், டாக்டரைக் கேட்காமலே ஆண்டிபயாடிக் வாங்கி வந்து வீட்டில் இருப்பவர்களுக்கெல்லாம் ஆளுக்கு ரெண்டு கொடுப்பார். மாப்பிள்ளை மட்டும் வாங்கமாட்டார். காய்ச்சல் வந்தால் வெந்நீரைக் குடித்துவிட்டு இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவார். அதில் அப்பாவுக்கு ஒரு இளக்காரம்.

அப்பா முழங்கால் ஆபரேஷனுக்காகத்தான் சேர்ந்தார். கால் ஆறிவிட்டது. வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. பாத்ரூமுக்கும் கட்டிலுக்குமாக அலைந்தே ஆள் பாதியாகிப் போனார். தனி அறைக்கு மாற்றினார்கள். பார்க்க வருகிறவர்கள் கையுறையும் மேலங்கியும் போட்டுக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும்.

டாக்டரம்மா எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினார்.

"ஆண்டிபயாடிக் கெட்ட கிருமியோட வயித்துல இருக்கிற நல்ல கிருமியையும் சேர்த்துத் துடைச்சிடும். அப்படிக் காலியான வீட்ல ஆஸ்பத்திரிக் கிருமி ஒண்ணு குடியேறிடுச்சு. மருந்து கொடுத்தா அடங்குது, நிறுத்தினா திரும்பி வருது. இனிமே நல்ல கிருமிகளைத்தான் உள்ள அனுப்பணும்."

"மாத்திரையா?" என்றான் அண்ணன்.

"ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தரோட மலத்திலேருந்து எடுத்து, குழாய் வழியா இவர் குடலுக்குள்ள விடுவோம்."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "செய்யுங்க. யாரோடதுன்னு மட்டும் எனக்குத் தெரிய வேண்டாம். அப்புறம் அந்த ஆள் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றார்.

அண்ணன் தயங்காமல் முன்வந்தான். ஆகாது என்றுவிட்டார்கள். தொண்டை வலிக்கு அப்பா கொடுத்த மாத்திரையைப் போன மாதம்தான் விழுங்கியிருந்தான். அவளுக்கும் அதே கதை. அவளுடையது பல்வலி.

வீட்டில் கணவரிடம் சொல்லி அழுதாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "டாக்டரம்மா பார்த்துப்பாங்க" என்றார். ஆபரேஷன் அன்றைக்குச் சாப்பிடாமல்கூட வாசலில் காத்துக் கிடந்த அதே மனுஷன், அவள் அழுத அன்றிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. கேட்டால் டூட்டி என்பார். அவள் கெஞ்சிப் பார்த்தாள், சண்டையும் போட்டாள்.

நல்லவேளையாக வேறு யாரோ கிடைத்தார்கள். சிகிச்சை முடிந்து சில நாட்களிலேயே அப்பா எழுந்து உட்கார்ந்தார். சோற்றைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பில்லை என்று அதட்டவும் தொடங்கிவிட்டார்.

அவள் போனை எடுத்தாள். "இன்னிக்காவது மேல வாங்களேன்."

"இங்கயே நிக்கிறேன். மாமாவை வெளியில கூட்டிட்டு வரும்போது பார்த்துக்கிறேன்."

"அப்படி என்ன உங்களுக்கு?"

அவர் போனை வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியும்," என்றான் அண்ணன். "அன்னிக்கு டாக்டரம்மா சொன்னதை நீ போய்ச் சொன்னே பாரு, எங்க தன்னையும் டெஸ்டுக்குக் கூப்பிட்டுடுவாங்களோன்னு ஆள் அன்னிக்கே ஓடிட்டார்."

"யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்தான், நான் பிழைச்சேன்," என்றார் அப்பா. "சொந்த மாமனாரை இவர் எட்டிக்கூடப் பார்க்கலை. ஒட்டாத மனுஷன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸ் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் சொல்லக் கூடாதுதான்," என்றார். "அவரை உள்ள வராதீங்கன்னு நிறுத்தி வச்சதே நாங்கதாங்க. கொடுக்கிறவர் மேல ஆஸ்பத்திரிக் கிருமி எதுவும் ஒட்டிடக் கூடாது. உங்களுக்கு இன்னொரு தடவை தேவைப்பட்டாலும் அவர்தான் கொடுக்கணும்."

அண்ணன் ஜன்னலை விட்டு விலகிக்கொண்டான். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

அப்பா யார் கையையும் பிடிக்காமல் மெதுவாக இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை அங்கயே நிக்கட்டும்மா," என்றார். "நாமதான் அவர்கிட்டப் போகணும். தள்ளு."