நீலப் புள்ளிகள்

“இன்னிக்கும் முகத்துக்குப் பவுடர் போட்டுட்டுத்தானே வந்திருக்கீங்க?”

ஆய்வுக்கூடத்தில் ஸ்லைடு கழுவும் அக்கா, கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக் காட்டினாள். வியர்வைதான் ஒட்டியது. பவுடர் ஸ்லைடில் உதிர்கிறது என்று ஆராய்ச்சி செய்யும் அவன் சத்தம் போட்ட அன்றே அவள் பவுடரை விட்டுவிட்டாள்.

அவனுக்கு எரிச்சல் தலைக்கேறியது. செடித்தண்டை மெல்லிசாகச் சீவி ஒரு சொட்டு அயோடின் விட்டால், மாவுச்சத்து இருக்கும் இடம் மட்டும் நீலமாக வேண்டும். அது நரம்போரத்துச் செல்களில்தான் இருக்கிறது என்று கட்டுரையே எழுதிவிட்டான். மைக்ராஸ்கோப்பில் பார்த்தாலோ அம்மை போட்டது மாதிரி எங்கும் நீலப் புள்ளி!

தண்டே இல்லாமல் வெறும் ஸ்லைடில் அயோடின் விட்டும் பார்த்தாயிற்று. அதிலும் புள்ளி.

“அப்ப நீங்க ஒழுங்காக் கழுவலை, அவ்வளவுதான்!”

“மூணு தடவை கழுவினேன் தம்பி. வெந்நீர்லயும் போட்டு எடுத்தேன்.”

“அப்ப என் கண்ணுதான் பொய் சொல்லுதா?”

அவன் மாணவனாக வந்த நாளிலிருந்து தம்பி என்று கூப்பிடுகிறவள். அதையெல்லாம் அவன் பார்க்கவில்லை. மதியமே இயக்குநருக்குப் புகார் போனது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருட வேலை, ஒரே கடிதத்தில் போயிற்று.

இனி எல்லாவற்றையும் தானே செய்வதென்று உட்கார்ந்தான். புது ஸ்லைடு, புது பிளேடு, புது அயோடின். சுத்தத்தில் ஒரு குறையும் இருக்கக்கூடாது என்று, வழக்கமாக நாளுக்கு ஒரு ஜோடி கையுறை போடுகிறவன், ஸ்லைடுக்கு ஸ்லைடு கையுறையை மாற்றினான். பெட்டியிலிருந்து உருவி, படபடவென்று உதறி, உள்ளே ஊதி, மாட்டிக்கொண்டான்.

குனிந்து பார்த்தான். முன்பைவிட இரண்டு மடங்கு புள்ளி!

“சே! என்ன எழவு இது!” நாற்காலியை எட்டி உதைத்தான். கால்தான் வலித்தது.

அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்த அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவனுக்கு இன்னும் பொத்துக்கொண்டு வந்தது.

“பார்த்தீங்களா? நீங்க செஞ்சு வெச்ச வேலை, இன்னும் போகமாட்டேங்குது!” என்று கத்தியபடி அடுத்த ஜோடி கையுறையை உருவி உதறினான்.

அக்கா சாவியை மேசையில் வைத்தாள். கறுப்பு மேசையில் படிந்திருந்த வெள்ளைத் தூசியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“கையுறைக்குள்ள போடுறது சோளமாவுதானே, தம்பி?”