இடப்பக்கக் கதவு

மகன் கதிரொளி காய்ச்சலில் இறந்த பிறகு அவனுடைய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பல வருடங்கள் ஷெட்டிலேயே கிடந்தது. தார்ப்பாயை விலக்கக்கூட வசுந்தரா விடவில்லை. இருக்கைப் பஞ்சில் எலி குட்டி போட்ட பிறகுதான் சம்மதித்தாள். அவள் கணவர் சௌந்தரம் மெக்கானிக் அனீபாவோடு சேர்ந்து துருவைச் சுரண்டினார், எஞ்சினைப் பிரித்து மாட்டினார், பெயின்ட் அடித்தார். ஒருநாள் காலையில் வண்டி உறுமிக்கொண்டு வாசலுக்கு வந்தது. சத்தம் கேட்டு வசுந்தரா ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

“ஏறு வசு, ஒரு சுத்து போயிட்டு வரலாம்” என்றார் சௌந்தரம்.

அவள் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, கதவை இரண்டு கையாலும் சற்றுத் தூக்கிச் சாத்தினாள்.

“இனி தூக்க வேண்டாம். கீலெல்லாம் புதுசு. தொட்டாலே சாத்திக்கும்.”

“தூக்கிச் சாத்தும்மான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவான்” என்றாள் வசுந்தரா. “அவன் சொல்லட்டும்னே நான் மறந்த மாதிரி இருப்பேன்.”

கதவைத் திறந்து, இம்முறை தூக்காமல் இழுத்தாள். அது சத்தமில்லாமல் பொருந்திக்கொண்டது. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடியும் திறந்து இழுத்தாள். சௌந்தரம் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.