உப்பு ஜாஸ்தி

சூப்பை ஒரு வாய் வைத்ததும் வீட்டுக்கார அம்மாவின் முகம் அஷ்டகோணலாகப் போயிற்று. கிண்ணத்தை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தாள். சமையல்கட்டு வாசலில் நின்ற வேலைக்காரி புதுசு ஓடிவந்து கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள், ஒரே உப்பு.

உப்பு போட்டது அவள்தான். ருசி பார்த்துத்தான் இறக்கினாள். அதுவும் இது முதல் தடவை இல்லை, இந்த வாரமே மூன்றாவது. போன மாதம் வெள்ளைத் துணியெல்லாம் மெஷினிலிருந்து நீலச் சாயம் ஏறி வந்தது. அந்தப் பழியும் அவள் தலையில்தான் விழுந்தது.

அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள் என்பதால் அவள் புதுசு. அப்படியென்றால் முன்பிருந்தே அங்கே வேலை பார்ப்பவள் பழசு. கடல் கடந்து வந்து இறங்கிய வீட்டில் தமிழ் பேச ஒரு ஆள் இருக்கிறாள் என்று தெரிந்தபோது புதுசுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "அக்கா!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பழசு உதறிவிட்டு, "வந்த வேலையப் பாரு" என்று போய்விட்டாள்.

பழசு அன்றைக்கு மூடிய வாய்தான். திறந்தால் வசவு. வீட்டில் மற்றவர்கள் பேசுவது ஒரு அட்சரம் புரியாது. புரிகிற பாஷைக்காரியோ முகம் கொடுக்க மாட்டாள். போதாததற்கு வெளியே போகவும் வழியில்லை. புதுசு வாஷிங் மெஷினிடம் பேச ஆரம்பித்தாள். அதுவாவது பதிலுக்குக் கொஞ்சம் முனகியது.

வீட்டுக்கார அம்மா தங்கமான மனுஷி. வந்த அன்றே புதுத் துணி கொடுத்தாள், பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள், வாராவாரம் மகளோடு போனில் பேசவும் விட்டாள். "இந்த வேலை நிலைச்சிடும் கண்ணு, நீ நர்சிங் சேர்ந்துடலாம்" என்று புதுசு மகளிடம் சொல்லாத வாரமில்லை. பழசு மட்டும் போன் பக்கமே போவதில்லை. யாருமில்லை போலிருக்கிறது, அதான் இப்படிக் கடுகடுக்கிறாள் என்று புதுசு நினைத்துக்கொண்டாள்.

ஏஜென்ட் கொண்டுவந்து விடும்போதே சொல்லியிருந்தார். "மூணு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒழுங்கா வேலை பாத்துடும்மா. அதுக்குள்ள பிடிக்கலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க. தாண்டிட்டா அப்புறம் உன்னை இந்த வீட்டை விட்டு யாராலயும் அசைக்க முடியாது."

அது முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி. இப்போது போய் இந்த உப்பு!

மறுநாள் சூப்பை இறக்கி வைத்துவிட்டு, துணி எடுக்கப் போவதுபோலப் போய்க் கதவிடுக்கில் நின்றாள். பழசு வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். உப்பை ஒரு கை அள்ளிப் போட்டு, கரண்டியால் நிதானமாகக் கலக்கிவிட்டாள்.

புதுசுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"அடிப்பாவி! உனக்கு நான் என்னடி கெடுதல் பண்ணேன்? உன் இடத்தைப் புடிச்சிடுவேன்னு பயமா? எம்பொண்ணு வாயில மண்ணைப் போடறியே!"

பழசு கரண்டியைக் கழுவி மாட்டினாள். நேராக வீட்டுக்கார அம்மாவிடம் போய் அவர்கள் பாஷையில் என்னவோ சொன்னாள். சொல்லிக்கொண்டே கை காலை உதறி, கண்ணைச் செருகி நடித்தும் காட்டினாள். அந்த அம்மா பதறிப்போய்ப் போனை எடுத்தாள்.

சாயங்காலமே ஏஜென்ட் வந்து நின்றார். "வலிப்பு இருக்கறதை மறைச்சுட்டா வந்தே?"

"வலிப்பா? எனக்கா? ஐயோ, அவ பொய் சொல்றா சார்!"

"இனிமே எந்த வீட்டுலயும் உன்னை வைக்க முடியாது. எனக்குத் தண்டச் செலவு. கிளம்பு, ஏர்போர்ட்டுக்கு."

வீட்டுக்கார அம்மா பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து ஏஜென்ட் கையில் கொடுத்தாள். புதுசு அழுதாள், கும்பிட்டாள், சத்தியம் செய்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

ஏஜென்ட் காரைத் திருப்பப் போனார். பழசுதான் பையைத் தூக்கிக்கொண்டு கேட் வரை வந்தாள். வீட்டுக்கார அம்மா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்திதானே? இனிமே நீயே மகாராணியா இரு!" என்றாள் புதுசு.

பழசு விரலை நீட்டி, பல்லைக் கடித்து, தூரத்திலிருந்து பார்த்தால் திட்டுவதுபோலவே பேசினாள். குரல் மட்டும் தணிந்திருந்தது.

"அழாமக் கேளு. மூணு மாசம் தாண்டிட்டா அந்த அம்மா சிரிக்க மாட்டா. போன் கிடையாது, சம்பளம் கிடையாது. ராத்திரி வீட்டுக்காரன் கதவைத் தட்டுவான். திறக்கலேன்னா இதான்." சட்டைக் கையை லேசாக ஏற்றினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை இஸ்திரிப் பெட்டியின் தழும்புகள்.

புதுசு அழுகையை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்தாள். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா!"

"சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்துடும். அதுவுமில்லாம, உன்கூடப் பேசிப் பழகிட்டா அனுப்ப மனசு வராதுடி."

கார் ஹாரன் அடித்தது. புதுசு அவள் கையைப் பிடிக்கப் போனாள். பழசு வாசலை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு உதறிக்கொண்டாள்.

"நீங்களும் அப்பவே இப்படி ஏதாவது பண்ணித் தப்பிச்சிருக்கலாமே அக்கா?"

"நான்தான் நல்லா சமைச்சுத் தொலைச்சிட்டேனே!"