நாவலடிக் குளத்துக் காவல்

“கட்டு இனி உடையாது எண்டு ஓவசியரே சொல்லிப்போட்டார். இந்தக் கொட்டுற மழைக்குள்ளை எங்கை வெளிக்கிட்டியள்?”

மகாதேவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புருஷன் ஏரம்பு குடையைக் கக்கத்தில் இடுக்கினார்.

“ஓவசியருக்கு என்ன தெரியும்? மண் இன்னும் இறுகேல்லை. அக்கரையான் வந்து வெட்டிவிட்டானெண்டால்?”

“வெட்டுவான், வெட்டுவான்! அங்கை போய் ஏச்சு வாங்காட்டில் உங்களுக்குச் சோறு செமிக்காது. அதைச் சொல்லுங்கோ.”

அவள் சொன்னதில் பொய் இல்லை.

வட்டுக்கோட்டை வயல்வெளியில் கிடந்த அந்த நாவலடிக் குளத்துக்கு முன்பெல்லாம் வெறும் மண்கட்டுத்தான். மாரி பிறந்து தண்ணீர் விளிம்பைத் தொட்டதும் இரு கரைக்காரரும் கட்டடிக்கு ஓடுவார்கள். எந்தப் பக்கம் கட்டு உடைகிறதோ அந்தப் பக்கத்து வயல் நாசம். மற்றப் பக்கம் தப்பிவிடும். ஆகையால் அவர்கள் வந்து வெட்டிவிடுவார்கள் என்று இவர்களுக்குப் பயம், இவர்கள் போய் வெட்டிவிடுவார்கள் என்று அவர்களுக்குப் பயம். இக்கரைக்குக் காவல் ஏரம்பு. அக்கரைக்குத் தில்லைநாதன்.

இந்த இரண்டு பேரும் தண்ணீருக்கு மேலாலே ஏசிக்கொள்வதைக் கேட்கவென்றே சனம் குடை பிடித்துக்கொண்டு வரும். அடடா, அது என்ன ஏச்சு!

“மண்வெட்டியைத் தொட்டுப் பாரும், காலை முறிப்பன்!” என்பார் ஏரம்பு.

“முதல்லை உன்ரை இருமலை நிப்பாட்டு! கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுப்போட்டுச் சண்டைக்கு வாடா!”

“என்ரை மூத்தவளுக்குப் பொடியன் பிறந்திட்டான் காணும்! உம்மடை மண்டையை உடைக்க ஆள் வந்திட்டுது!”

“ஆரைப் போலையடா? உன்னைப் போலை கோணல் மூக்கெண்டால் பாவம் பிள்ளை!”

எத்தனை மாரி இப்படிப் போனது! நெல் விளைந்தது, மாடு கன்று போட்டது, பல்லுக் கழன்றது எல்லாம் ஏச்சாகவே அக்கரைக்குப் போய், ஏச்சாகவே திரும்பி வந்தன.

அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் கட்டைப் பாதி கரைத்த பிறகுதான் அரசாங்கம் கண் திறந்தது. கட்டை உயர்த்தினார்கள். அலை அரிக்காமல் கல் பதித்தார்கள். மிஞ்சிய தண்ணீர் தானாக வழிந்தோடச் சீமெந்தில் வான் ஒன்றும் கட்டினார்கள். ஊரே கூடிக் குளக்கட்டில் பொங்கல் பொங்கியது. ஏரம்பு மட்டும் அதை வாயில் வைக்கவில்லை.

மகாதேவியை விலக்கிக்கொண்டு அவர் குளத்தடிக்கு வந்தபோது, வானால் தண்ணீர் சாதுவாக வழிந்துகொண்டிருந்தது. அக்கரையில் ஒரு குருவியும் இல்லை. குந்தியிருந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். உடையாத கட்டுக்கு எவன் காவல் வருவான்? இனி அந்தக் குரலைக் கேட்காமலே கண்ணை மூடவேண்டியதுதானோ?

“ஐயா, இன்னும் நம்பிக்கை வரேல்லையோ?” கட்டு வேலையை மேற்பார்த்த ஓவசியர் கனிசியஸ் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சிரித்தார். குருநகர்ப் பிள்ளை, ஊருக்குப் புதிது. “ஆனை வந்து மிதிச்சாலும் அசையாது. வீட்டை போங்கோ.”

கட்டு நல்ல கட்டுத்தான். அது ஏரம்புவுக்கும் தெரியும். “ஓம் தம்பி, போறன்” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

“டேய் ஏரம்பு!” அக்கரையிலிருந்து ஒரு சத்தம். “புதுக் கட்டை உடைக்க வழி பாக்கிறியோ? நான் செத்துப்போனன் எண்டு நினைச்சியோடா?”

ஏரம்பு தண்ணீர் விளிம்புக்கே ஓடினார்.

“ஓய்! இவ்வளவு நேரமும் எங்கை போய்த் துலைஞ்சனீர்? நடக்க ஏலாதெண்டால் பொல்லை ஊண்டிக்கொண்டு வாறதுக்கென்ன!”

ஓவசியர் திகைத்துப்போனார். “உடையாத கட்டிலை நிண்டு என்ன சண்டை ஐயா? ஆர் அந்த மனுசன்?”

“என்ரை கூடப்பிறந்த அண்ணை,” என்று கண்ணைத் துடைத்தார் ஏரம்பு. “காணிப் பிரச்சினையிலை, சாகுமட்டும் கதைக்கிறேல்லை எண்டு ரெண்டு பேரும் கோயிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டம். ஏசிறேல்லை எண்டு சத்தியம் பண்ணேல்லை.”